படகுக்கு மாற்று இருதயம்!

பழைய எந்திரத்தைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்துவது எப்படி? அதில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

அமெரிக்காவில் ஏரிக்கரை ஊர்களில் ஒரு காட்சி சர்வ சாதாரணம். வீட்டுக்குப் பின்னால் ஒரு படகு நிற்கும். தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். அதைத் தாங்கி நிற்கும் இழுவை வண்டியின் டயரில் காற்று இருக்காது. சுற்றிலும் புல் மண்டிக் கிடக்கும்.

ஒரு காலத்தில் அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் படகில் ஏறி ஏரியில் உலா போனது. தூண்டில் போட்டு மீன் பிடித்தது. பிள்ளைகள் அதிலிருந்து தண்ணீரில் குதித்து நீந்தக் கற்றார்கள்.

இப்போது ஏன் இந்தக் கதி? படகின் பேரில் குற்றம் இல்லை. அதன் எந்திரம் செத்துவிட்டது. அவ்வளவுதான்!

கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துச் செய்த படகு 30 வருஷம், 40 வருஷம் கூட உழைக்கும். எந்திரத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. உடம்பு திடகாத்திரமாக இருக்கும்போதே இருதயம் நின்றுவிடுகிறது.

அப்படியானால் இருதயத்தை மாற்றிவிட்டால் என்ன?

மாற்றலாம். ஆண்டுதோறும் பல படகுகளுக்கு அங்கே மாற்றுகிறார்கள். இந்த வேலைக்கு "ரீபவர்" என்று பெயர். கேட்பதற்குச் சுலபம், செய்வது சுலபம் அல்ல. சரியாகச் செய்தால் படகுக்கு மறுபிறவி. தவறாகச் செய்தால், அதில் ஏறுகிறவர்களுக்கு மறுபிறவி!

உள்ளே பாதி, வெளியே பாதி

மோட்டார் படகில் எந்திரத்தை மூன்று விதமாக வைக்கலாம்.

ஒன்று, படகின் வயிற்றில் வைப்பது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும். அதன் நுனியில் விசிறி சுழன்று தண்ணீரைத் தள்ளும். படகு முன்னால் பாயும்.

இரண்டாவது, எந்திரம் முழுவதையும் படகின் பின்னால், வெளியே தொங்கவிடுவது. இந்த வெளி எந்திரத்தை ஊர் உலகம் அறியச் செய்தவர் ஓலே எவின்ரூட். நார்வே நாட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்தவர்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கோடைக்காலத்தில் ஒரு நாள், விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஓர் ஏரிக்குக் காதலி பெஸ்சுடன் உல்லாசப் பயணம் போயிருந்தார். பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்றார். ஐஸ்கிரீம் அக்கரையில்தான் கிடைக்கும். ஓலே துடுப்புப் போட்டுக்கொண்டு போய் வாங்கி வந்தார். வந்து பார்த்தால் ஐஸ்கிரீம் உருகித் தண்ணீராகியிருந்தது!

"துடுப்புக்குப் பதில் ஓர் எந்திரம் இருந்தால்?" என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு உதித்ததாம்.

அவருக்கு முன்பே சிலர் இப்படிப்பட்ட எந்திரம் செய்தது உண்டு. ஆனால் 1909-ம் ஆண்டு எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த எந்திரமே பெரும் புகழ் பெற்றது. அதன் சக்தி ஒன்றரைக் குதிரை. எடை 28 கிலோ. விலை 62 டாலர். காதலி பெஸ் மனைவியானார். கணக்கு வழக்கையும் விளம்பரத்தையும் அவரே பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது விதம், இரண்டுக்கும் நடுவில் நிற்பது. எந்திரம் படகுக்கு உள்ளே, பின்பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். அதன் சக்தி அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு, வெளியே தொங்கும் ஒரு "கால்" வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். காலின் அடியில் விசிறி இருக்கும். உள்ளே பாதி, வெளியே பாதி! ஆகவே இதை உள்-வெளி எந்திரம் என்று சொல்லலாம்.

இதை வெற்றிகரமாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜிம் வின் என்ற அமெரிக்க எந்திரவியலாளர். 1958-ம் ஆண்டு, வெளி எந்திரம் மாட்டிய ஒரு சிறு படகில் அட்லாண்டிக் பெருங்கடலையே கடந்த துணிச்சல்காரர் அவர். அவருடைய யோசனையைச் சுவீடன் நாட்டு வோல்வோ பென்டா கம்பெனி எடுத்துக்கொண்டது. 1959-ம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் "அக்குவாமேட்டிக்" என்ற பெயரில் அது வெளிவந்தது. 1961-ல் அமெரிக்காவின் மெர்க்குரி கம்பெனி "மெர்குரூசர்" என்ற பெயரில் தன் எந்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகு குடும்பப் படகு என்றால் உள்-வெளி எந்திரம் என்று ஆகிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. காலைத் திருப்பினால் படகு திரும்பும். தனியாகச் சுக்கான் தேவையில்லை. கரை வந்தால் காலைத் தூக்கிக்கொள்ளலாம். எந்திரமோ கார் எந்திரத்தின் இனம். ஆகவே அதிக சக்தி, குறைந்த விலை.

தண்ணீரே உணவு, தண்ணீரே எமன்!

ஓடும் எந்திரம் சூடாகும். காரில் அந்தச் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் இருக்கிறது. பல படகுகளில் அது கிடையாது. சுற்றிலும்தான் தண்ணீர் இருக்கிறதே! எந்திரம் அதையே உறிஞ்சி, தன் உடம்புக்குள் ஓடவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே துப்பிவிடுகிறது.

ஏரித் தண்ணீர் என்றால் பரவாயில்லை. கடல் தண்ணீர் என்றால்? இரும்புக்கும் உப்புக்கும் ஆகாது. எந்திரத்தின் வயிற்றுக்குள் துரு ஏறுகிறது. முதலில் பலியாவது புகை போகும் குழாய்தான். அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு ஓர் உறை உண்டு. நடுவில் இருக்கும் இரும்புச் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால், தண்ணீர் பின்வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. மேலே எழும்பும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நின்றுவிடும். சில வேளைகளில் உள்ளே இருக்கும் இணைப்புத் தண்டே வளைந்துவிடும். எந்திரம் முடிந்தது!

கடல் இல்லாத ஊர்களில் எமன் வேறு உருவத்தில் வருகிறான். அவன் பெயர் குளிர்!

மின்னசோட்டா என்ற மாநிலத்துக்கு "பத்தாயிரம் ஏரி நாடு" என்று பட்டப் பெயர். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்து கல்லாகும். பனிக்கட்டியின் மேல் மோட்டார் வண்டியையே ஓட்டிப் போவார்கள். அந்தக் குளிர் தொடங்கும் முன்பே படகுக்காரர் தம் எந்திரத்துக்குள் நிற்கும் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும்.

மறந்தால்? தண்ணீர் உறையும்போது பருக்கும். 100 படி தண்ணீர் ஏறக்குறைய 109 படி பனிக்கட்டி ஆகும். அந்த அதிகப்படி 9 படிக்கு இடம் ஏது? வார்ப்பு இரும்பு வெடித்துப் பிளந்துவிடும். ஒரே ஓர் இரவு போதும்.

வெடிப்பு வெளியே தெரியாமலும் இருக்கலாம். வசந்தகாலத்தில் எந்திரத்தை ஓட்டிவிட்டு, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்ப்பார் சொந்தக்காரர். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்று அதற்கு அர்த்தம்.

அநாதையான எந்திரங்கள்

எந்திரம் உடையாமலேயே சாவதும் உண்டு. உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால் அதுவும் சாவுதானே?

ஐஸ்கிரீம் உருகிய கதை நினைவிருக்கிறது அல்லவா? அந்த எவின்ரூட்டின் கம்பெனி மற்றக் கம்பெனிகளோடு சேர்ந்து வளர்ந்தது. 1934-ம் ஆண்டு ஓலே இறந்தார். அதன் பிறகும் கம்பெனி பெருகி, ஓ.எம்.சி. என்ற மூன்று எழுத்தில் உலகப் புகழ் பெற்றது. வெளி எந்திரங்களோடு உள்-வெளி எந்திரங்களையும் செய்து விற்றது. 1986-ம் ஆண்டு மாடலாக வந்த "கோப்ரா" அதில் ஒன்று.

1990-களில் அந்தக் கோப்ரா நின்றது. 2000-ம் ஆண்டு டிசம்பரில் கம்பெனியே திவால் ஆனது! எவின்ரூட் என்ற பெயரை வேறொரு கம்பெனி வாங்கி வெளி எந்திரங்களைச் செய்துவந்தது. 2020-ல் அதுவும் நின்றது.

கம்பெனி போய்விட்டது. அது செய்த எந்திரங்கள் மட்டும் ஏரிகளில் ஓடிக்கொண்டிருந்தன. பல் சக்கரம் உடைந்தால் பழைய படகைப் பிரித்து எடுக்க வேண்டும். அல்லது வேறு யாராவது செய்து விற்கும் பாகத்தைத் தேட வேண்டும். தேடிச் சலித்தவர்கள் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எந்திரம், கால் இரண்டையும் கழற்றிவிட்டு, வேறு கம்பெனியின் எந்திரத்தையும் காலையும் வைப்பது என்பதே அந்த முடிவு.

சுண்டைக்காய் கால் பணம்

இதில் முதல் கேள்வி பணம்.

புது எந்திரமும் காலும் வாங்கிப் பொருத்த ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். பழைய படகை விற்றால் அந்தப் பணம் வராது என்ற நிலை பல சமயம் ஏற்படும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

ஆகவே சிலர் விபத்தில் சிக்கிய வேறு படகின் எந்திரத்தை வாங்குகிறார்கள். சிலர் பழுதுபார்த்துப் புதுப்பித்த எந்திரத்தை வாங்குகிறார்கள். படகின் உடம்பு நல்லதாக இருந்து, மேலும் பல வருஷம் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் புதியதையே வாங்குகிறார்கள்.

"எந்திரம்தானே கெட்டது? கால் நன்றாகத்தானே இருக்கிறது? அதை ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கிழட்டு மாட்டையும் காளைக் கன்றையும் ஒரே நுகத்தில் பூட்டினால் என்ன ஆகும்? புது எந்திரத்துக்குச் சக்தி அதிகம். பழைய காலின் பல் சக்கரங்கள் அதைத் தாங்காமல் நொறுங்கலாம். பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும், இரட்டைக் கூலி.

இரண்டும் பொருந்த வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. எந்திரம் இத்தனை சுற்றுச் சுற்றினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. நாலு சிலிண்டர் எந்திரத்தின் காலில் ஏறக்குறைய 2 சுற்றுக்கு ஒன்று. எட்டு சிலிண்டர் எந்திரத்தின் காலில் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுக்கு ஒன்று. ஒன்றின் காலை மற்றொன்றுக்கு மாட்டினால் பொருத்தம் கெட்டுவிடும்.

பானையைத் தட்டிப் பார்!

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. ஒரு சின்னச் சுத்தியல் போதும்.

படகின் பின்பக்கத்தை நம் மீனவர்கள் "அமரம்" என்பார்கள். உள்-வெளி எந்திரப் படகில் அந்தப் பின்பக்கச் சுவர்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. எந்திரத்தின் பின்பாதி அதில் தொங்குகிறது. கால் அதில் தொங்குகிறது. விசிறி தள்ளும்போது அந்தத் தள்ளல் முழுவதும் அந்தச் சுவரின் மேல்தான் விழுகிறது.

வெளியே பார்த்தால் பளபளப்பு. உள்ளே இருப்பது பல படகுகளில் ஒட்டுப்பலகை! ஏதாவது ஓர் ஆணித் துளை வழியாகத் தண்ணீர் கசிந்து, பல வருஷமாக அந்தப் பலகையை ஊறவைத்திருக்கும். மேலே மினுமினுப்பு, உள்ளே சொத்தைப் பல்!

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் செய்வதைப் போல, அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். "டணார்" என்று கேட்டால் பலகை நல்லது. "பொத்" என்று கேட்டால் உளுத்துவிட்டது. சந்தேகம் வந்தால் சிறு துளை போட்டு, வரும் தூளைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். உலர்ந்த தூள் வந்தால் நல்லது. ஈரச் சக்கை வந்தால் கெட்டது. எந்திரம் உட்காரும் நீளக் கட்டைகளையும் இப்படியே சோதிக்க வேண்டும்.

ஈரச் சக்கை வந்தால் முதலில் சுவரைக் கட்ட வேண்டும். உளுத்த சுவரில் புது எந்திரத்தை மாட்டுவது, இற்றுப்போன உத்திரத்தில் ஊஞ்சல் கட்டுவது போல!

அறுவைச் சிகிச்சை

முதலில் பாட்டரியைக் கழற்றுகிறார்கள். பெட்ரோல் வரும் வழியை அடைக்கிறார்கள். பிறகு வெளியே உள்ள காலைக் கழற்றுகிறார்கள். அதன் பிறகுதான் எந்திரம். எட்டு சிலிண்டர் எந்திரமும் காலும் சேர்ந்தால் ஏறக்குறைய 400 கிலோ எடை வரும். கையால் தூக்கும் வேலை அல்ல. சங்கிலிக் கப்பி கட்டித்தான் தூக்க வேண்டும்.

எந்திரம் வெளியே வந்ததும் அது இருந்த குழி காலியாகிறது. அதுவரை கை நுழையாத மூலைகளில் எல்லாம் இப்போது கை நுழையும். கெட்டிக்காரர்கள் இந்தச் சந்தர்ப்பத்தை விடமாட்டார்கள். பழைய பெட்ரோல் குழாய், மக்கிய மின்சாரக் கம்பி, தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள்.

கம்பெனி மாறினால் சுவரில் உள்ள பெரிய துளையும் மாற வேண்டும். ஓ.எம்.சி. எந்திரத்துக்குப் போட்ட துளையில் மெர்குரூசர் அப்படியே உட்காராது. பழைய துளையைப் பலகையும் நாரும் பிசினும் கொண்டு அடைத்து, காயவைத்து, புது அளவில் துளை போட வேண்டும். மெர்குரூசருக்குச் சுவரின் கனம் 2 அங்குலத்துக்கும் இரண்டே கால் அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் சமமாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒழுகும்.

அடுத்தது நேர் பார்ப்பது. எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை இதுதான்.

எந்திரத்தின் தண்டும் காலின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு நீண்ட இரும்புக் கோல் இருக்கிறது. அதன் நுனியில் கிரீஸ் தடவி, சுவருக்கு வெளியிலிருந்து எந்திரத்தின் பல் துளைக்குள் நுழைக்கிறார்கள். இரண்டு விரலால் தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். முட்டினால், எந்திரத்தின் முன்கால் திருகுகளை ஏற்றி இறக்கி மறுபடி பார்க்கிறார்கள். வெளியே இழுத்துப் பார்த்தால் கிரீசில் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி விழுந்திருக்க வேண்டும்.

இதில் அவசரப்பட்டவர்களின் படகு ஓடாமல் போகாது. ஓடும்! சில காலம் கழித்து, ஏரியின் நடுவில், உள்ளே பல் தேய்ந்து அறுந்துவிடும். எந்திரம் முழங்கும், படகு நகராது.

கடைசியாக ஒரு ரப்பர் துருத்தி. ஆர்மோனியப் பெட்டித் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். சுவரைத் தாண்டிப் போகும் தண்டை இதுதான் மூடுகிறது. கால் திரும்பும்போதும் தூக்கும்போதும் இதுவும் மடங்கி விரியும். விலை என்னவோ குறைவுதான். இதில் ஒரு விரிசல் விழுந்தால், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கிவிடலாம். கால் கழன்று கிடக்கும்போது பழைய துருத்தியை மாற்றாமல் விடுவது மகா பாவம்!

வெளியே தண்ணீரில் நிற்கும் கால் அலுமினியத்தால் ஆனது. உப்புத் தண்ணீர் அதை அரிக்காமல் இருக்க, அதன் மேல் துத்தநாகக் கட்டிகளைத் திருகி வைப்பார்கள். தண்ணீர் முதலில் அந்தக் கட்டிகளைத் தின்னும், கால் தப்பும். ஏரித் தண்ணீரில் துத்தநாகத்துக்குப் பதில் மக்னீசியம் வைப்பார்கள். கட்டி பாதிக்கு மேல் கரைந்தால் மாற்றிவிட வேண்டும்.

கார் எந்திரம் போதாதா?

இனி வருவதுதான் மிக முக்கியமானது.

செவர்லே கம்பெனியின் எட்டு சிலிண்டர் எந்திரம் காரிலும் ஓடியது, படகிலும் ஓடியது. வார்ப்பு ஒன்றே. பக்கத்தில் வைத்தால் அடையாளம் காண்பது கடினம். ஆனால் கார்ச் சாமான் மலிவு. படகுச் சாமான் விலை அதிகம். "பெயர்தான் வேறு. கார் ஸ்டார்ட்டரையே மாட்டினால் என்ன?" என்று பலருக்குத் தோன்றும்.

மாட்டலாம். எந்திரமும் கிளம்பும். ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

காரில் பெட்ரோல் கசிந்தால் தரையில் விழும். ஆவி காற்றோடு போய்விடும். கார் எந்திரத்துக்கு அடியில் திறந்த வெளி. படகோ ஒரு சட்டி! பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழும்பாது. படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கிக் கிடக்கும். வெளியே போக வழி இல்லை. அதன் மேல்தான் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது உள்ளே சிறு பொறி பறக்கும். மின்சாரம் உண்டாக்கும் டைனமோவிலும் பொறி உண்டாகலாம். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டரும் டைனமோவும் அந்தப் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி அமைந்தவை. கார்ச் சாமானுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஒரு பொறி போதும், படகே வெடித்துவிடும்.

வேறு வித்தியாசங்களும் உண்டு. படகுக் கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பி வழிந்தால் எந்திரத்துக்குள்ளேயே போகும், வெளியே சொட்டாது. அதன் வாயில் காற்று வடிகட்டிக்குப் பதில் உலோகத்தால் ஆன தீத்தடுப்பு ஒன்று இருக்கும். எந்திரம் இருமினால் வரும் தீயை அது அங்கேயே அடக்கிவிடும்.

இவை எல்லாம் விற்பனைக்காகச் சொல்லும் ஆடம்பரம் அல்ல. அமெரிக்காவில் சட்டமே இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்டார்ட்டரில் சில நூறு டாலர் மிச்சம் பிடித்து, பெண்டு பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

நாலு நிமிஷப் பொறுமை

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பலாமா?

கூடாது!

எந்திர அறையில் ஒரு சிறு மின்சார விசிறி இருக்கிறது. அடியில் தேங்கிய ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுவது அதன் வேலை. 1980-ம் ஆண்டு ஜூலை மாதத்துக்குப் பிறகு கட்டிய பெட்ரோல் படகுகளில், எந்திரம் மூடிய அறையில் இருந்தால், இந்த விசிறி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எந்திரத்தைக் கிளப்பும் முன்பு 4 நிமிஷம் அதை ஓடவிட வேண்டும் என்று படகிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். பிறகு எந்திர அறை மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் தொடக் கூடாது. மூக்கைவிடச் சிறந்த கருவி இதற்கு இல்லை.

அதன் பிறகு வெள்ளோட்டம். புது எந்திரத்துக்குப் பழைய விசிறி பொருந்துமா என்பது அப்போதுதான் தெரியும். முழு வேகத்தில் எந்திரம் நிமிஷத்துக்கு இத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருக்கும். அந்த அளவை எட்டாமல் முனகினால் விசிறியின் மடிப்பு அதிகம். அளவைத் தாண்டிப் பறந்தால் மடிப்புக் குறைவு. மடிப்பில் ஓர் அங்குலம் மாற்றினால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வரை வித்தியாசம் வரும். வெள்ளோட்டம் விட்டு, விசிறி மாற்றி, மறுபடி வெள்ளோட்டம் விட்டுத்தான் சரியானதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

காலைத் துறந்தவர்கள்

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சுவரில் உள்ள துளையை ஒரேயடியாக அடைத்துவிட்டு, பின்னால் ஒரு தாங்கி கட்டி, வெளி எந்திரத்தைத் தொங்கவிடுகிறார்கள். ஆவி தேங்கும் எந்திர அறையும் இல்லை, துருத்தியும் இல்லை. குளிர்காலத்தில் எந்திரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். ஆனால் பாரம் பின்னால் தள்ளிப் போவதால் படகின் சமநிலை மாறும். அந்தப் பின்பக்கச் சுவரும் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான். சுவர் கெட்டியா? நேர் சரியா? துருத்தி புதியதா? பொறி வெளியே வராத ஸ்டார்ட்டரா? நாலுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், புல் மண்டிக் கிடந்த பழைய படகு, பேரன் பேத்திகளைச் சுமக்கும் காலம் வரை ஓடும்.

ஒன்றுக்கு "பார்க்கவில்லை" என்று பதில் வந்தால், படகு கரையிலேயே இருக்கட்டும். கரையில் நிற்கும் படகு யாரையும் மூழ்கடித்தது இல்லை!